இரண்டு வெண்கலத்துக்கு இவ்வளவு புகழா? மிகாகோ கொத்தானியைப் பற்றி

கேள்வி இதுதான்: ‘மிகாகோ கொத்தானி ஒலிம்பிக்கில் வாங்கியது இரண்டு வெண்கலம். தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. அப்படியிருந்தும் தண்ணீரில் இசைக்கேற்ப ஆடும் ஒத்திசைவு நீச்சல் என்றதும் ஜப்பானியர்களுக்கு இன்றும் அவர் பெயர் நினைவுக்கு வருவது ஏன்?’

நியாயமான கேள்வி. பதக்கத்தை எண்ணினால் கணக்கு இன்னும் இடிக்கும். அவருக்குப் பின்னால் வந்த மியா தச்சிபானா, மிஹோ தக்கேதா இருவரும் தலா 5 ஒலிம்பிக் பதக்கம் வைத்திருக்கிறார்கள், அதில் நான்கு வெள்ளி. 2001-இல் ஃபுக்குவோக்காவில் நடந்த உலகப் போட்டியில் இணையர் பிரிவில் தங்கமும் வாங்கினார்கள். உலகப் போட்டிகளில் இந்த விளையாட்டில் ஜப்பானுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ஆக, கொத்தானியின் புகழுக்குப் பதக்கத்தில் பதில் தேடக்கூடாது. 1988 செப்டம்பரில் அவர் கையில் இருந்த ஒரு கொடிக்கம்பத்தில் தேட வேண்டும். அப்புறம், தனிநபர் பிரிவு என்று ஒன்று அப்போது ஒலிம்பிக்கில் இருந்ததே, அதிலும்.

முதலில் இந்த விளையாட்டுக்கு ஜப்பானில் என்ன வேர் இருந்தது என்று பார்த்துவிடலாம். சாமுராய் காலத்திலிருந்தே அங்கே நீச்சல் ஒரு போர்க்கலை. கவசத்தோடு ஆற்றைக் கடக்கவும், தண்ணீரில் நிமிர்ந்து நின்றபடியே ஆயுதத்தைக் கையாளவும் பழகினார்கள். இடுப்புக்குக் கீழே கால்கள் சுழன்றுகொண்டே இருக்கும், மேலே உடம்பு அசையாது. ‘தாச்சி-ஒயோகி’, அதாவது நின்ற நீச்சல் என்று அதற்குப் பெயர். இன்றைய வீராங்கனைகள் கைகளை மேலே தூக்கிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அடியில் நடப்பதும் ஏறக்குறைய இதே வித்தைதான். முட்டை அடிக்கும் கரண்டி மாதிரி இரண்டு காலும் மாறி மாறிச் சுழலும். ஜப்பானியர் அதை ‘மாக்கி-ஆஷி’ என்பார்கள், சுற்றும் கால் என்று பொருள்.

ஒசாக்கா பக்கம் ஹமாதெரா என்ற கடற்கரை ஊரில் 1906-இல் தொடங்கிய நீச்சல் பள்ளி ஒன்று உண்டு. அந்த மரபு நீச்சலை அங்கே கற்றுக்கொடுத்தார்கள். ஜப்பானின் மிகக் கண்டிப்பான பயிற்சியாளர் என்று பெயரெடுத்த மசாயோ இமுரா அந்தப் பள்ளியில் நீந்தி வளர்ந்தவர். போருக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து இசையோடு நீந்தும் புதிய விளையாட்டு வந்து இறங்கியபோது, ஜப்பானியர் அதைக் கால் வித்தை ஏற்கெனவே தெரிந்தவர்களாகவே வரவேற்றார்கள். ‘சிங்க்ரோ’ என்று பெயரைச் சுருக்கி வீட்டுச் சொல்லாக்கியும் விட்டார்கள். 2017-இல் சர்வதேசச் சம்மேளனம் இதற்குக் கலை நீச்சல் என்ற பொருளில் புதுப் பெயர் வைத்தது. ஆனால் ஜப்பானில் ஒரு தலைமுறை இன்னும் சிங்க்ரோ என்றுதான் சொல்கிறது.

ஒலிம்பிக்கில் இது முதலில் நுழைந்தது 1984 லாஸ் ஏஞ்சலஸில். தனிநபர், இணையர் என்று இரண்டே பிரிவு. மிவாகோ மோத்தோயோஷி தனிநபரில் வெண்கலம், சயேக்கோ கிமுராவோடு சேர்ந்து இணையரிலும் வெண்கலம். அப்போதிலிருந்து 1996 வரை மேடை மாறவே இல்லை: அமெரிக்கா, கனடா, ஜப்பான். மேலே இருக்கும் இரண்டு பேர் இடம் மாற்றிக்கொள்வார்கள், மூன்றாவது படி ஜப்பானுக்கு. இதைத் தெரிந்துகொண்டால்தான் கொத்தானியின் வெண்கலத்துக்கு என்ன மதிப்பு என்று புரியும். அந்தக் காலத்தில் வட அமெரிக்காவுக்கு வெளியே பிறந்த ஒருத்திக்கு எட்டக்கூடிய உச்சி அது.

கொத்தானி 1966 ஆகஸ்ட் 30 அன்று டோக்கியோவில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே டோக்கியோ சிங்க்ரோ கிளப்பில் சேர்ந்தார். அங்கே மசாக்கோ கனெக்கோ பயிற்சியாளர். உயர்நிலைப் பள்ளி வயதில் அமெரிக்காவுக்கும் போய்ப் பயிற்சி எடுத்தார், பிறகு நிஹோன் பல்கலைக்கழகம். அமெரிக்காவில் இருந்த அந்தக் கொஞ்ச காலத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். யாரிடம் தோற்றுக்கொண்டிருக்கிறோமோ அவர்கள் வீட்டிலேயே போய்க் கற்றுக்கொண்டு வந்தது ஒரு லாபம். இங்கிலீஷ் தயக்கமில்லாமல் வந்தது இன்னொரு லாபம். இரண்டாவது லாபம் அவருக்குக் குளத்துக்கு வெளியேதான் அதிகம் உதவியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது சியோல்.

1988 ஒலிம்பிக்கை நடத்த ஜப்பானின் நகோயா நகரம் ஆசைப்பட்டது. 1981 வாக்கெடுப்பில் சியோலிடம் தோற்றுப்போனது. அந்தக் கசப்பு ஒரு பக்கம் இருந்தாலும், போட்டி பக்கத்து நாட்டில் நடக்கிறது, நடுராத்திரியில் கண்விழிக்க வேண்டிய தேவை இல்லை, நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. செப்டம்பர் 17 தொடக்க விழாவில் ஜப்பான் அணி உள்ளே வந்தபோது சூரியக் கொடியை ஏந்தி முன்னால் நடந்தவர் 22 வயது கொத்தானி. 22 முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கோடை ஒலிம்பிக்கில் ஜப்பானின் கொடியை ஒரு பெண் ஏந்தியது அதுதான் முதல் முறை. அடுத்த பெண் கொடிதாரி வர அதிக நாள் ஆகவில்லை, 1992 பார்சிலோனாவில் கைப்பந்து வீராங்கனை குமி நகாதா ஏந்தினார்.

இதில் கவனிக்க வேண்டியது, கொடி முதலில் வந்தது, பதக்கம் பிறகுதான் வந்தது. பொதுவாக ஒருவர் ஜெயிப்பார், அப்புறம் நாடு அவர் யார் என்று விசாரிக்கும். கொத்தானி விஷயத்தில், அவர் குளத்தில் இறங்குவதற்கு முன்னாலேயே முகமும் பெயரும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. ‘கொடி பிடித்த அந்தப் பெண் இன்றைக்கு நீந்துகிறாள்’ என்று, இந்த விளையாட்டின் விதி ஒன்றுகூடத் தெரியாதவர்களும் பார்க்க உட்கார்ந்தார்கள்.

போட்டி செப்டம்பர் கடைசியில் தொடங்கியது. அன்றைய முறையே வேறு. இசையோடு ஆடும் பகுதிக்கு முன்னால் ‘கட்டாய உருவங்கள்’ என்று ஒன்று உண்டு. அலங்காரமில்லாத நீச்சலுடை, வெள்ளைத் தொப்பி, இசை கிடையாது. நடுவர்கள் முன்னால் ஒவ்வொருத்தியாக மிதந்து வந்து, சொன்ன உருவத்தை மெதுவாகச் செய்து காட்ட வேண்டும். தலைகீழாக நின்று ஒரு காலை நீருக்கு வெளியே செங்குத்தாக நீட்டுவது, அப்படியே சுழன்றபடி இறங்குவது என்று. பரதத்தில் அடவு மட்டும் தனியே செய்து காட்டச் சொல்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கச் சலிப்பாக இருக்கும், டிவிக்காரர்கள் அதைக் காட்டவே மாட்டார்கள். ஆனால் மொத்த மதிப்பெண்ணில் பாதி அங்கேயே முடிவாகிவிடும். பிற்பாடு ஒலிம்பிக்கிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள்.

தனிநபரில் கனடாவின் கரோலின் வால்டோ 200.150 எடுத்துத் தங்கம். நடப்பு சாம்பியனாக வந்த அமெரிக்காவின் டிரேசி ரூயிஸ் 197.633 எடுத்து வெள்ளி. கொத்தானி 191.850. இடைவெளி சின்னதல்ல, ஒளிக்கவும் தேவையில்லை. அடுத்து இணையர் பிரிவில் மியாக்கோ தனக்காவோடு இன்னொரு வெண்கலம். அந்த ஒலிம்பிக்கில் ஜப்பான் மொத்தம் வாங்கியது 14 பதக்கம்: 4 தங்கம், 3 வெள்ளி, 7 வெண்கலம். ஏழு வெண்கலத்தில் இரண்டு கொத்தானி கழுத்தில் தொங்கின. மூன்றரை நிமிடம் ஒரே ஒருத்தி, இசை, குளம் முழுக்க அவளுடையது, கேமரா அவள் முகத்தை விட்டு நகராது. தனிநபர் பிரிவின் வலிமை அதுதான்.

அவர் அழகும் இதில் ஒரு காரணம். அதைச் சொல்லாமல் மழுப்பினால் பதில் பொய்யாகிவிடும். 1988 ஜப்பானில் பணம் வெள்ளமாக ஓடிய காலம், ‘குமிழிப் பொருளாதாரம்’ என்று பின்னால் பெயர் வாங்கியது. பத்திரிகைகளுக்கும் விளம்பரக் கம்பெனிகளுக்கும் புது முகங்கள் வேண்டும். கொடியும் பதக்கமும் சிரிப்பும் ஒன்றாகச் சேர்ந்து வந்த ஒரு பெண்ணை அவர்கள் விடுவார்களா? பேட்டி, அட்டைப்படம், விளம்பரம் என்று ஒரே அமர்க்களம். இந்தப் புகழில் ஒரு அநியாயமும் உண்டு. இந்த விளையாட்டில் கஷ்டம் வெளியே தெரிந்தால் மதிப்பெண் குறையும். குளத்தின் தரையைக் கால் தொடவே கூடாது, மூக்கில் கிளிப், தலைமுடியில் ஜெலட்டினைக் காய்ச்சித் தடவி இறுக்கியிருப்பார்கள், சுடுநீர் விட்டால்தான் அது கரையும். மூச்சை அடக்கித் தலைகீழாக நின்றவள் மேலே வந்த கணமே வாயைத் திறந்து மூச்சு வாங்காமல் புன்னகைக்க வேண்டும். அந்தப் புன்னகையை மட்டும் பார்த்தவர்கள் ‘அழகான பெண், தண்ணீரில் நடனம்’ என்று முடித்துவிட்டார்கள். புன்னகைக்குப் பின்னால் இருந்த நுரையீரலை யாரும் அட்டையில் போடவில்லை.

சியோல் முடிந்ததும் ஜோடி மியாக்கோ தனக்கா போட்டியிலிருந்து விலகி, பயிற்சியாளராகி, பிறகு விளையாட்டு வீரர்களின் மனப் பயிற்சித் துறைக்குப் போய்விட்டார். அங்கே அவருக்குத் தனிப் பெயர் இருக்கிறது. கொத்தானி நீந்திக்கொண்டே இருந்தார். இடையில் 1991 ஜூனில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டம். 1998 குளிர்கால ஒலிம்பிக்கைக் கேட்டு நகானோ போட்டியிட்டது, எதிரில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி. ஜப்பான் தரப்பில் பேசியவர்களில் கொத்தானியும் ஒருவர். பனிச்சறுக்குப் போட்டிக்கு நீச்சல்காரி எதற்கு என்று கேட்கலாம். உலகக் கூட்டத்தில் கூசாமல் ஆங்கிலத்தில் பேசக்கூடிய, எல்லோருக்கும் முகம் தெரிந்த ஓர் ஒலிம்பிக் வீராங்கனை ஜப்பானுக்கு அப்போது அவசரமாகத் தேவைப்பட்டார், அவ்வளவுதான். நகானோ 46-க்கு 42 என்று தப்பிப் பிழைத்து ஜெயித்தது.

அடுத்த வருடம் பார்சிலோனா. என் கணக்கில் அவர் வாழ்க்கையின் முக்கியமான இடம் சியோல் இல்லை, இதுதான்.

ஜப்பான் மூன்று பேரை அழைத்துப் போனது. கொத்தானி, ஃபுமிக்கோ ஒக்குனோ, அக்கி தக்கயாமா. இறங்கப் போவது யார் என்பதைக் கடைசியில் தேர்வு செய்வார்கள். தனிநபரில் ஒரு நாட்டுக்கு ஒருத்திதான், அந்த இடம் 20 வயது ஒக்குனோவுக்குப் போனது. இணையரில் ஒக்குனோவும் தக்கயாமாவும். நாட்டுக்கே முகம் தெரிந்த கொத்தானி மாற்று ஆளாகக் கரையில் உட்கார்ந்தார். இரண்டு பிரிவிலும் ஜப்பானுக்கு வெண்கலம் வந்தது, அவர் ஒரு தடவைகூட நீந்தவில்லை. நான்கு வருடம் உழைத்து, போன இடத்தில் தண்ணீரைத் தொடாமல் திரும்பினார். அதோடு ஓய்வு.

அணித் தேர்வு சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஒக்குனோ அப்போது நிஜமாகவே மேலே இருந்தார். ஆனால் இவ்வளவு புகழோடு இருந்த ஒருவரைப் புகழுக்காக இறக்கிவிடாத ஜப்பானிய நீச்சல்காரர்களின் நெஞ்சழுத்தத்தை மெச்ச வேண்டும். கொத்தானியும் வெளியே வந்து யாரையும் தூற்றவில்லை. தோல்வியையும் காத்திருப்பையும் பற்றிப் பேசக்கூடியவர் என்ற மதிப்பு அவருக்கு இந்த அனுபவத்தால்தான் வந்தது. ஜெயித்தவர்களின் பேச்சை ஒரு அளவுக்கு மேல் கேட்க முடியாது. பார்சிலோனாக் கரையில் உட்கார்ந்திருந்தவர் பேசினால் கேட்கலாம். அதற்குப் பிறகு பஹாமாஸ் கடலில் காட்டு டால்பின்களோடு நீந்தப் போன அனுபவத்தைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார், மதிப்பெண் இல்லாமல் நீந்துவது எப்படி என்று அங்கே தெரிந்துகொண்டவர் போல. டிவியில் விளையாட்டு வர்ணனை, சிறுவர்களுக்குப் பயிற்சி, ஒலிம்பிக் வீரர்கள் சங்கப் பொறுப்புகள் என்று அடுத்த இருபது வருடமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தார்.

பார்சிலோனாத் தனிநபர் போட்டியைப் பற்றி ஒரு கிளைக்கதை. கனடாவின் சில்வி ஃபிரெஷெட்டுக்கு ஒரு நடுவர் 9.7 போட நினைத்து 8.7 என்று அமுக்கிவிட்டார். திருத்த முடியவில்லை. தங்கம் அமெரிக்காவின் கிறிஸ்டன் பாப்-ஸ்பிரேக்குக்குப் போனது. கனடா விடாமல் முறையிட்டு, 1993 டிசம்பரில் ஃபிரெஷெட்டுக்கும் ஒரு தங்கம் கிடைத்தது. அந்தப் போட்டியோடு தனிநபர் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்தே போய்விட்டது. 1996 அட்லாண்டாவில் குழுப் பிரிவு மட்டும். 2000-இலிருந்து இணையரும் குழுவும்.

கேள்வியோடு ஒட்டிய இன்னொரு புதிருக்கு, அதாவது பின்னால் வந்தவர்கள் ஏன் கொத்தானி அளவுக்கு மனதில் நிற்கவில்லை என்பதற்கு, பதில் இங்கே இருக்கிறது. எட்டுப் பேர் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி ஒப்பனை, ஒரே மாதிரி கொண்டை. யார் யார் என்று அடையாளம் தெரியாமல் இருப்பதுதான் அங்கே திறமை. சிட்னியிலும் ஏதென்ஸிலும் ஜப்பான் ரஷ்யாவுக்கு அடுத்து வெள்ளிமேல் வெள்ளி வாங்கியது. தரத்தில் சியோலைவிட எங்கேயோ மேலே. ‘மெர்மெய்ட் ஜப்பான்’ என்று அணிக்குச் செல்லப்பெயரும் விழுந்தது. புகழ் அணிக்குப் போனது, அதட்டி வேலை வாங்கும் இமுராவுக்குப் போனது. அவர் சீனாவுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்து, 2008 பெய்ஜிங்கில் சீனக் குழு வெண்கலம் வாங்கி, ஜப்பான் ஐந்தாவதாகத் தள்ளப்பட்டபோது நாட்டில் எழுந்த முணுமுணுப்பே அதற்குச் சாட்சி. 2014-இல் அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள், 2016 ரியோவில் இரண்டு வெண்கலம் திரும்ப வந்தது. குளத்துக்கு வெளியே இருக்கும் பயிற்சியாளர் பெயர் தெரியும், உள்ளே நீந்தியவர்கள் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

இதில் மிகவும் அநியாயத்துக்கு ஆளானவர் யுக்கிக்கோ இனுயி என்பேன். 2022 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் தனிநபர் பிரிவில் இரண்டு தங்கம், 2023-இல் சொந்த நாட்டில், ஃபுக்குவோக்காவில், மறுபடியும் இரண்டு தங்கம். கொத்தானி கனவிலும் எட்டாத உயரம். ஆனால் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவே இல்லை. 1988-இல் இனுயி நீந்தியிருந்து, அவர் கையில் கொடியும் கொடுத்திருந்தால் இந்தப் பதிலை நான் வேறு பெயரில் எழுதியிருப்பேன். (அப்போது அவர் பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.)

சரி, கொத்தானி கதைக்கு வருவோம். 2020 ஒலிம்பிக்கை டோக்கியோ கேட்டபோது அவர் மறுபடி தூதராக ஓடினார். 2020 அக்டோபரில், சுத்தியல் எறிதல் வீரர் கோஜி முரோஃபுஷி அரசின் விளையாட்டுத் துறைத் தலைவராகப் போனதும், டோக்கியோ ஏற்பாட்டுக் குழுவின் விளையாட்டு இயக்குநர் நாற்காலி கொத்தானிக்கு வந்தது. கொரோனாவால் போட்டி ஏற்கெனவே ஒரு வருடம் தள்ளிப்போயிருந்தது. 2021 பிப்ரவரியில் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் யோஷிரோ மோரி, கூட்டங்களில் பெண்கள் அதிகம் பேசி நேரத்தை இழுக்கிறார்கள் என்ற அர்த்தத்தில் எதையோ சொல்லப்போய், உலகமே திட்டித் தீர்த்து, பதவி விலக வேண்டியதாயிற்று. அவர் இடத்துக்கு செய்க்கோ ஹஷிமோத்தோ வந்தார். உடனே பாலினச் சமத்துவத்துக்கு ஒரு தனிக் குழு அமைத்துத் தலைமையைக் கொத்தானியிடம் கொடுத்தார்கள். நிர்வாகக் குழுவில் புதிதாக 12 பெண்கள் சேர்க்கப்பட்டு, பெண்களின் பங்கு 42 சதவீதமானது.

மறுபடியும் அவரை முகமாகத்தானே பயன்படுத்தினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. ஒரு சங்கடம் வரும்போதெல்லாம் ஒரு நல்ல முகத்தை முன்னால் நிறுத்துவது ஜப்பானிய அமைப்புகளின் பழைய பழக்கம்தான். ஆனால் 1988-இல் கொடியைக் கொடுத்தபோது அவரிடம் யாரும் கருத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். 2021-இல் மேஜைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று பாருங்கள். கடைசியில் ஒலிம்பிக் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடந்தது. அவருடைய சொந்த விளையாட்டில் ஜப்பான் இணையர், குழு இரண்டிலும் நான்காவது. விளையாட்டு இயக்குநராக அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில், மூத்தோருக்கான உலக நீச்சல் போட்டி கியூஷுவில் நடந்தது. ஒத்திசைவு நீச்சல் மட்டும் ககோஷிமா நகரில். பெயர்ப் பட்டியலில் கொத்தானியும் இருந்தார், 56 வயது. ஜெலட்டின், மூக்குக் கிளிப், மினுமினு உடை எல்லாம் பழையபடி. இந்த முறை யாரும் அவரைக் கரையில் உட்கார வைக்கவில்லை. ஒலிம்பிக்கில் எட்டாத நிறத்தை, தங்கத்தை, அங்கே வாங்கிக்கொண்டு போனார்.